அறிமுக உரையில் என் அக்கா

1

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை. ஒரு கிறிஸ்தவ மாநாட்டில் சிறப்புச் செய்தியாளரை* மேடைக்கு அழைக்க எழுதிய அறிமுக உரையாகத்தான் தொடங்கியது. எழுதியது நான். வாசித்தது என் அத்தான், அக்காவின் கணவர். அந்த உரையில் ஒரே ஒரு வரியில், பெயரில்லாமல், என் அக்கா வருகிறாள். அந்த வரியில் அவள் பூரண சுகத்தோடு இருக்கிறாள். நான் உரையை எழுதியபோது அவள் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இப்படி முதலிலேயே போட்டு உடைப்பது கதைக்கு நல்லதில்லை என்று தெரியும். மெல்ல அவிழ்க்க வேண்டும், வாசகரைக் கொஞ்சம் ஏங்க வைக்க வேண்டும் என்று நானே பலருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். ஆனால் அக்கா செத்துப்போனதை ஒளித்து வைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒரு மண்டபம் முழுக்க அது ஒளிந்துதான் கிடக்கிறது.

[* மாநாட்டுப் பக்கம் போகாதவர்களுக்கு: செய்தியாளர் என்றால் பத்திரிகைக்காரர் அல்ல. தேவசெய்தி கொடுக்க வருகிறவர், அதாவது பிரசங்கியார். இனி இந்தக் கதையில் அவரைப் பிரசங்கியார் என்றே சொல்கிறேன்.]

2

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. எவ்வளவு மட்டமான மைக்கிலும் நன்றாகக் கேட்கிற கனமான குரல் அவருக்கு. அதனால் மாநாட்டில் விருந்தினர்களை அறிமுகம் செய்கிற வேலை ஒரு வருடம் அவர் தலையில் விழுந்தது. அப்புறம் அது அவருக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு விருந்தினரின் அலுவலகத்திலிருந்தும் ஒரு குறிப்பு வரும். பிறந்தது, படித்தது, ஊழியத்துக்கு அழைப்புப் பெற்றது, போன நாடுகள், நடந்த அற்புதங்கள், கடைசியில் குடும்பம். அதை வாயில் தடுக்காத தமிழாக மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு.

நான் சபைக்கு ஒழுங்காகப் போகிறவள் இல்லை. என்னை இதில் இழுத்துவிட்டது அக்காதான். “ஆண்டவருக்குச் செய்ற ஊழியம்னு நினைக்காத. உங்க அத்தான் மேடையில உளறாம இருக்கச் செய்ற உதவின்னு நினைச்சுக்கோ” என்றாள்.

எப்போதும் இரண்டு விதமாக எழுதிக்கொண்டு போவேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு, கடையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில், “முதல்லது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?” என்பார். யாரைக் கேட்கிறார் என்றே தெரியாது. அக்கா வீட்டுக்குள்ளிருந்து பதில் சொல்வாள்: “ரெண்டுமே மங்கலாத்தான் இருக்கு. சுருக்கமாப் பேசிட்டு மைக்கைக் குடுத்துட்டு இறங்குங்க.”

3

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும் என்று எழுதிப் பார்த்தவை:

மண்டபத்தில் நீல நிற நாற்காலிகள் வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று முழங்கை இடித்துக்கொண்டு—

வேண்டாம். நாற்காலியை வர்ணிக்க ஆரம்பித்தால் நான் அதிலேயே சௌகரியமாக உட்கார்ந்துவிடுவேன்.

அக்காவுக்கு முதன்முதலாக வயிற்றில் வலி வந்த அன்று அவள் ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலைக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். இறங்கும்போது—

நடந்ததுதான். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி வந்துவிடும். ஆஸ்பத்திரி வந்தால் படிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆளை நினைத்துக்கொள்வார்கள். என் அக்காவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மேடையில் நின்று அற்புதம் அறிவிக்கிறவர்கள், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு போன் போட்டுக் கேட்பதற்கு என்ன கேடு—

இது கோபத்தில் எழுதியது. இரண்டு பக்கம் போனது. மறுநாள் படித்துப் பார்த்தால், பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம் மாதிரி இருந்தது.

ஒரு சகோதரி.

இதுதான் கடைசியாக மிஞ்சியது. இந்த இரண்டு சொல்லும் என்னுடையவை அல்ல, பிரசங்கியாரின் அலுவலகத்திலிருந்து வந்தவை. அக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர்.

4

முந்தின முறை, இரண்டு வருடத்துக்கு முன்னால், இந்தப் பிரசங்கியார் வந்தபோது, கூட்டத்தின் முடிவில், நோயோடு இருக்கிறவர்கள் முன்னால் வரலாம் என்று அழைத்தார். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். புற்றுநோய் அதற்குள் கல்லீரலுக்குப் போயிருந்தது. கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து போனாள். பிரசங்கியார் அவள் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு மைக்கை அவளிடம் நீட்டினார்.

“அம்மா, இப்ப வலி இருக்கா?”

“இல்லைங்கய்யா.”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

அவள் பொய் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் காதோடு சொன்னாள்: “நிஜமாவே வலிக்கலடி. இப்படிச் சாய்ஞ்சு உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?” அன்று முழுக்க வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை. துணி மடித்தாள், பாட்டுப் பாடினாள், அலமாரி கலைந்து கிடக்கிறது என்று அத்தானோடு சண்டைகூடப் போட்டாள். அந்தச் சண்டை எங்கள் எல்லாருக்கும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. நம்பிக்கை இல்லாதவளான நான் சொல்கிறேன், அந்த இரண்டு நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேடைப் படிகளின் அடியில் தொண்டர்கள் நிற்பார்கள். சுகமாகி இறங்குகிறவர்களிடம் என்ன நோய், என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். சாட்சி எடுப்பது என்று இதற்குப் பெயர். மனது சூடாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் வழக்கம். சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்து யாரும் சாட்சி எடுப்பதில்லை. [வந்திருந்தால், அவளுக்காக வாங்கிய கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள்.]

5

இதுவரை எழுதியதை ஒரு நண்பரிடம் காட்டினேன். அவரும் எழுதுகிறவர்தான். “உங்க அக்கா அன்னைக்கே மருந்தை நிறுத்திட்டாங்கன்னு மாத்து. அப்பதான் கதை நிமிர்ந்து நிக்கும்” என்றார்.

கதை நிமிர்ந்து நிற்கும். அக்கா குனிந்துவிடுவாள். அவள் மருந்தை நிறுத்தவில்லை. அடுத்த வாரம் மருத்துவர் கொடுத்த நேரத்துக்குச் சரியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். “ஆண்டவர் வேலையை ஆண்டவர் பார்க்கட்டும், டாக்டர் வேலையை டாக்டர் பார்க்கட்டும். என் வேலை நரம்பைக் காட்டுறதுதான்” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவாள். அவளை ஏமாளியாக்கி ஒரு நல்ல கதை எழுதுவதைவிட, அவளை அவளாகவே விட்டு ஒரு நொண்டிக் கதை எழுதுவது மேல்.

பிரசங்கியாரை வில்லனாக்கவும் பார்த்தேன். விரலில் ஒரு பெரிய மோதிரம் போட்டேன். அவர் கையில் மோதிரமே கிடையாது என்று ஞாபகம் வந்ததும் கழற்றிவிட்டேன். அலட்சியமான ஒரு சிரிப்பைக் கொடுத்தேன். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் சிரிப்பு. உண்மையில் அவர், பயணத்தில் கால் வீங்கிப்போய், செருப்பு வாரைத் தளர்த்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான மனிதர். ஒரு கெட்டவர் கிடைத்திருந்தால் என் துக்கத்தைக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கி வைத்திருப்பேன். எனக்குக் கிடைக்கவில்லை.

6

இந்த முறை குறிப்பு அத்தானின் போனுக்கு வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

‘சென்ற முறை இதே மாநாட்டில், கல்லீரல் வரை பரவிய புற்றுநோயோடு மேடைக்கு வந்த ஒரு சகோதரி, ஐயா அவர்களின் ஜெபத்தினால் பூரண சுகம் பெற்று, இன்று ஆண்டவருக்குச் சாட்சியாக வாழ்ந்து வருகிறார்.’

வாழ்ந்து வருகிறார்.

“இது அக்கா” என்றேன்.

“தெரியுதும்மா.”

“எடுத்துடலாம் அத்தான்.”

அவர் மாநாட்டு ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். எதிர்ப்பக்கக் குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணே, அந்த ஒரு வரிதானே நம்ம மாநாட்டைப் பத்தினது! மத்ததெல்லாம் எங்கெங்கயோ நடந்தது. அதைப் போய் எடுக்கலாமா? அவங்க ஆபீஸ்ல எல்லாரும் நேரலையில பார்ப்பாங்க. அனுப்பினதை அப்படியே வாசிச்சுடுங்கண்ணே.”

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சரி தம்பி” என்றுதான் வெளியே வந்தது.

ஒருங்கிணைப்பாளரும் தங்கமான மனிதர்தான். அக்காவின் அடக்கத்துக்கு முதலில் வந்தவர், பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கியவர். தான் சுமந்துபோன அக்காவும், குறிப்பில் வருகிற ‘ஒரு சகோதரி’யும் ஒரே ஆள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. சாட்சியில் வருகிறவர்கள் வேறு உலகத்து ஆட்கள், நாம் அடக்கம் செய்கிறவர்கள் நம் ஆட்கள் என்றுதான் அங்கே எல்லாரும் பழகியிருந்தார்கள்.

“ஏன் அத்தான் அவர்கிட்ட சொல்லல?”

“போன்ல எப்படிம்மா சொல்றது? பாவம், பதறிடுவான்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப அக்கா பாவமில்லையா? அந்த மண்டபத்துல அவ இன்னும் சாகலை அத்தான். எழுந்து நின்னு கைதட்டினாங்களே, அத்தனை பேருக்கும் அவ உயிரோட இருக்கா. அதே மைக்ல ஒரே ஒரு தடவை, அவ போயிட்டான்னு யாராவது சொல்லணும். எனக்கு அது போதும்.”

அவர் ஒரு பழைய ஃப்ரேமை எடுத்துக் காதுப்பக்கத் திருகை முடுக்கினார். அது ஏற்கெனவே முடுக்கித்தான் இருந்தது.

“முன்வரிசையில யார் உட்கார்ந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தியா? உங்க அக்கா மாதிரி வந்தவங்க. அன்னைக்கு அவ எழுந்து போறதுக்கு முன்னாடி ஒருத்தர் மைக்ல வந்து, போன தடவை சுகமானவங்க செத்துப்போயிட்டாங்கன்னு சொல்லியிருந்தா, அவ போயிருப்பாளா? வலியில்லாத அந்த ரெண்டு நாள் அவளுக்குக் கிடைச்சிருக்குமா?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அதனால்தான் இதைக் கதையாக எழுதுகிறேன். பதில் இருந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

“ரெண்டு விதமா எழுதிக் குடு. பார்க்கலாம்” என்றார்.

எழுதினேன். முதலாவதில் அவர்கள் அனுப்பிய வரி அப்படியே இருந்தது. இரண்டாவதில் அந்த இடத்தில் இது இருந்தது:

‘சென்ற முறை இதே மேடையில் ஐயா அவர்கள் ஜெபித்தபோது வலி நீங்கி, இரண்டு நாள் சந்தோஷமாக இருந்து, சில மாதங்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஒரு சகோதரியை நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம்.’

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டார். “முதல்லது தெளிவா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். உள்ளேயிருந்து பதில் வராது என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அவர் எழுந்து போய்க் கடையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் வருகிற நேரம்தான் அது.

7

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டாலும் கதை புரியும். நான்தான் எடுக்க மாட்டேன் என்கிறேன்.]

அறிமுகம் செய்கிறவர் கூட்டத்துக்கு முன்னால் விருந்தினரை நேரில் பார்த்து, பட்டம், பெயர் எல்லாம் சரிதானா என்று கேட்டுக்கொள்வது வழக்கம். நானும் அத்தானோடு போனேன். மேடைக்குப் பின்னால், ஏசி அதிகமாக வைத்த சின்ன அறை. பிரசங்கியார் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், கால் விடவில்லை.

“பேருக்கு முன்னால டாக்டர்னு போடணுமா ஐயா?”

“ஐயையோ, வேண்டாம் தம்பி. அது அவங்களாக் குடுத்தது. யாராவது மருந்துச் சீட்டு கேட்டு வந்துடப் போறாங்க.”

நல்ல சிரிப்பு. வாத்தியாருடையது அல்ல. பிறகு, நாங்கள் கிளம்புகிற நேரத்தில், அவரே கேட்டார்: “அந்த சகோதரி... போன தடவை வயித்துல வியாதியோட வந்தாங்களே. இந்த ஊர்தானே? இன்னைக்கு வந்திருக்காங்களா? வந்திருந்தா எழுந்து நிக்கச் சொல்லுங்க தம்பி. பார்க்கிறவங்களுக்குத் தைரியம் வரும்.”

அத்தான் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

“வரலைங்கய்யா.”

“அடடா. நான் விசாரிச்சேன்னு மறக்காமச் சொல்லுங்க.”

“சொல்றேங்கய்யா.”

நடைவழியில் குடிதண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் அத்தான் நின்றார். தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை. பேப்பர் டம்ளர் அவர் கையில் நசுங்கி, தண்ணீர் சட்டைக் கையெல்லாம் வழிந்தது. நான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். துடைத்துக்கொண்டே அழுதேன். யாரோ ஒரு அம்மா எங்களைக் கடந்து போகும்போது, “ஆண்டவர் பார்த்துக்குவார்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். எதை என்று அவருக்கும் தெரியாது.

8

மேடை. பிற்பகல் கூட்டம். மண்டபம் நிரம்பி, பின்னால் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், எங்கள் வீட்டு விஷயம் தெரியாதவர்கள்.

[இங்கே ஒரு தொழில் விவரம் சொல்லியாக வேண்டும். இந்தக் கூட்டங்களில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் பேசுகிறவர் ஒரு நல்ல செய்தி சொல்லி, ஜனங்கள் கைதட்ட ஆரம்பித்ததும், அந்தச் சத்தம் அடங்கி மண்டபம் வெறிச்சென்று ஆகிவிடாமல் கையோடு இசையைத் தொடங்கிவிடுவார்கள். அதிலிருந்து ஒரு பாட்டு எழும்பும். பாட்டிலிருந்து ஜெபம். அன்றைக்கு வாசித்த பெண் இதில் கைதேர்ந்தவள்.]

அத்தான் தாளைப் பார்த்து வாசித்தார். பிறந்தது, படித்தது, அழைப்பு, நாடுகள். குரல் எப்போதும்போல இருந்தது. இரண்டில் எந்தத் தாளை எடுத்துப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வரி வருகிற இடத்தில் நிறுத்தினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இத்தனை வருடத்தில் தாளில்லாமல் அவர் ஒரு வாக்கியம் பேசி நான் பார்த்ததில்லை.

“போன தடவை இங்க ஐயா ஜெபிச்சப்போ, வலி இல்லைன்னு இதே மைக்ல ஒரு சகோதரி சொன்னாங்க. உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அவங்க என்னோட மனைவி.”

இங்கே மூச்சு வாங்கினார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் மூச்சு வாங்கினார். அந்த மூச்சுக்குள் மண்டபம் எழுந்துவிட்டது. கைதட்டல், அல்லேலூயா, சுவரோரம் நின்றவர்களின் விசில். கீபோர்டு தொடங்கிவிட்டது. அத்தான் கையை உயர்த்தி இருங்கள் என்று காட்டினார். அவர் துதி சொல்லிக் கையுயர்த்துவதாக நினைத்து எல்லாரும் கையை உயர்த்தினார்கள். பிரசங்கியார் வீங்கிய காலோடு படியேறி வந்தார். அவர் முகமெல்லாம் கண்ணீர். அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே அத்தானின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். பிறகு மைக் கை மாறியது.

“இவருடைய மனைவிக்குச் செய்தவர் இன்னைக்கு உங்களுக்கும் செய்வார்!”

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்கா இரண்டாவது முறையாக அந்த மேடையில் சுகமானாள்.

9

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கைதட்டல் அடங்குகிறது. கீபோர்டு வாசிக்கிற பெண் ஏதோ உணர்ந்து விரலை எடுத்துக்கொள்கிறாள். அத்தான் சொல்கிறார்: “அவங்க இப்ப இல்ல. ஆனா அந்த ரெண்டு நாள் இருந்துச்சு.” யாரும் எழுந்து போகவில்லை. பிரசங்கியார் மேடைப் படியில் உட்கார்ந்து அழுகிறார். ஒருங்கிணைப்பாளருக்கு அப்போதுதான் உறைக்கிறது, தோளைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். மண்டபம் முழுதும் என் அக்காவுக்காக அமைதியாக—

அழகாக இருக்கிறது. இதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். ஆனால் நடக்கவில்லை.

இரண்டு. கட்டிப்பிடித்தபோது அத்தான் பிரசங்கியாரின் காதில் சொல்லிவிட்டார். பின்னொரு நாள் நான் அவரிடமே கேட்டேன். “சொன்னேன்னுதான் நினைக்கிறேன். அந்தச் சத்தத்துல எனக்கே கேட்கலம்மா” என்றார். அவருக்குக் கேட்டிருக்குமா என்றேன். “கேட்டிருக்காது” என்றார், உடனே. கேட்டிருந்து, கேட்டும் அப்படிப் பேசியிருந்தால், நான் தேடிய கெட்டவர் எனக்குக் கிடைத்துவிடுவார். அத்தான் அவரை எனக்குத் தர மறுக்கிறார்.

மூன்று. கைதட்டலோடு கதையை நிறுத்திவிடுவது. பத்திரிகைகள் விரும்புகிற முடிவு. வாசகர் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

இதையே வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கூட்டம் முடிந்த பிறகு ஒன்று நடந்தது. அதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் மோதிரம், கீபோர்டு என்று இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன்.

10

பக்கவாட்டு வாசலில் அத்தானைச் சுற்றி ஆட்கள். கை குலுக்குகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஏதோ சொல்லப் பார்க்கிறார், அதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்துவிடுகிறார். நான் சற்றுத் தள்ளி, அவருடைய தோள்பையையும் சால்வையையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பெண் கூட்டத்திலிருந்து விலகி என் பக்கம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். பூப்போட்ட துணியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். புருவம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் வரைந்திருந்தாள், ஒன்று கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும்.

“நீங்கதானே அவங்க?”

“யாரு?”

“அவரோட மனைவி. மேடையில சொன்னாரே. அவர் பை உங்க கையில இருந்துச்சு, அதான் நீங்களாத்தான் இருக்கும்னு...” அவள் என் தலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “முடி எவ்வளவு நல்லா வளர்ந்துடுச்சு உங்களுக்கு!”

நான் கல்லூரி நாட்களிலிருந்தே முடியைக் காதுவரைக்கும் வெட்டிக்கொள்கிறவள். அக்கா அதற்காக என்னைத் திட்டாத நாளில்லை.

“தொட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு, நான் ஒன்றும் சொல்வதற்குள் தொட்டாள். நெற்றியோரத்து முடியை இரண்டு விரலுக்கு நடுவில் எடுத்து, துணிக்கடையில் துணியின் தரம் பார்ப்பதுபோல லேசாக உருட்டிப் பார்த்தாள். அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஊசி மருந்து ஏற்றினால் அப்படித்தான் ஆகும். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க. உங்களுக்கு முழுசா சரியாயிடுச்சுல்ல?”

இந்த இடத்தில் கைதட்டல் இல்லை. கீபோர்டு இல்லை. நடுவில் யாரும் புகுந்து மைக்கைப் பிடுங்கப் போவதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அக்கா போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும், சொல்லியே ஆக வேண்டும் என்று கடையில் நின்று சண்டை போட்டவள் நான்தான். ஒரு மண்டபத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது இந்த ஒரு ஆள். முழுக்கக் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

தலைகளுக்கு மேலாக அத்தான் எங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. சொல் என்றும் அசைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார், அவர் கையை வேறு யாரோ குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனையோ பேரை அறிமுகம் செய்து எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நான் செய்ய வேண்டியிருந்தது, நான் யார் என்று ஒரே ஒரு பெண்ணிடம் சொல்வது. இரண்டு வடிவம் என்னிடம் இருந்தது. இரண்டும் ஒரு வரிதான்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, அவளை அப்படியே வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அது வேண்டாம். என் இடத்துக்கு வாருங்கள். பையை நான் பிடித்துக்கொள்கிறேன். அவள் கை இப்போது உங்கள் கையில் இருக்கிறது, வரைந்த புருவத்தை உயர்த்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். எதையாவது சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.